உப்பில்லாத உருண்டை

போன வாரம் என் மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒரு பெண், பளபளவென்று ஒரு சமையலறை. வீட்டுக் கோழிகளுக்குக் குளிருக்கு இதமாக ஏதோ கிண்டுகிறாள். ஓட்ஸ், கேரட் துருவல், உலர்ந்த திராட்சை. "நீ சின்ன வயசுல கோழிக்குக் கிண்டுவேன்னு சொல்லுவியேம்மா, இதானே அது?" என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண் சட்டியிலிருந்து ஒரு விரல் வழித்து வாயில் வைத்து, "நாமளே சாப்பிட்டுடலாம் போல இருக்கு!" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை மகள் மடியில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அவள் பின்னாலேயே வந்து, "பிரஷர் மாத்திரை போட்டியாம்மா?" என்கிறாள். அவளிடம் என்னத்தைச் சொல்வது?

உங்களிடம் சொல்லலாம். அரிசிப் பையில் அச்சடித்திருப்பதைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயது நமக்கு. உங்களில் பாதிப் பேர் வீட்டில் அப்பா வெளிநாட்டில் இருந்தார். நீலமும் சிவப்பும் கரை போட்ட உறை வந்தால் தெருவே எட்டிப் பார்த்த காலம். 'எங்கப்பா டேப் ரிக்கார்டர் கொண்டாருவாரு' என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்ட கூட்டம்தானே நாம்? நானும் பீற்றினேன். என்னைவிட அதிகமாக உங்களில் ஒருவரும் பீற்றியிருக்க மாட்டீர்கள்.

எங்கள் வீடு நீடாமங்கலத்திலிருந்து நாலு மைல் உள்ளே. தெருவைச் சுற்றி மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால். அப்பா டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஏஜெண்ட் ஒருவன் வந்து, கம்பெனியில் டிரைவர் வேலை, ரெண்டு வருஷ ஒப்பந்தம் என்று சொல்லி சவுதிக்கு ஏற்றிவிட்டான். நான் சொல்லப்போகிற மழைக்காலத்தில் எனக்குப் பதினோரு வயது. வீட்டில் ஒரே ஒரு பேச்சுதான். மாசியில் ஒப்பந்தம் முடிகிறது. அப்பா வந்துவிடுவாரா, இன்னொரு வருஷம் இருக்கச் சொல்வதா? எனக்கு அவர் வர வேண்டும். அம்மாவுக்கும் வர வேண்டும்தான். ஆனால் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்ட வீடு கட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதற்காக வாங்கி அடுக்கிய செங்கல் வாசலில் பாசி பிடித்துக் கிடந்தது. பக்கத்து வீட்டில் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அவர் வாயைத் திறந்தால் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். எதற்கும் முடிவு சொல்கிறவர் அவர்தான்.

கோழிகள் என் பொறுப்பு. ஏழு கோழி, ஒரு சேவல். ஐப்பசி அடைமழை ஆரம்பித்தால் அதுகள் இறகை உப்பிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, பார்க்கவே பாவமாக இருக்கும். அதனால் மழைக்காலம் முழுக்க விடிந்ததும் சூடாகக் கிண்டிப் போடுவேன். மில்லிலிருந்து வந்த தவிட்டைச் சலித்து முதல்நாளே ஊறப்போட வேண்டும். குருணையை, அதுதான் உடைந்த அரிசியை, வடித்த கஞ்சியிலேயே குழைய வேகவிட வேண்டும். அதில் தவிடு, இடித்த கருவாட்டுத் தலை, ஒரு கை முருங்கைக்கீரை, சளி பிடிக்காமல் இருக்க ரெண்டு பல் பூண்டு. காது உடைந்த ஓர் அலுமினியக் குண்டான் இதற்கென்றே இருந்தது. கிண்டக் கிண்டக் கருவாடும் பூண்டும் சேர்ந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், எனக்கே வாய் ஊறும். புறங்கையை மேலே வைத்துப் பார்ப்பேன். சுடக்கூடாது, வெதுவெதுவென்று இருக்க வேண்டும். உருண்டை உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொண்டு 'பா... பா... பா' என்றால் எட்டும் பஞ்சாரக் கூடையை முட்டிக்கொண்டு வரும். கழுத்தில் மயிரே இல்லாத சாம்பல் நிறக் கோழி ஒன்று என் கையிலிருந்தே கொத்தும்.

அந்த ஐப்பசியில்தான் அப்பாவின் கடிதம் ஒன்று என் பெயருக்கு வந்தது. உறைமேலே என் பெயர்! தபால்காரர் குடையை மடக்கிக்கொண்டே, "பெரிய மனுசி ஆயிட்டீங்க போலிருக்கு, கையெழுத்துப் போடுங்க" என்று கிண்டலடித்தார். உள்ளே ரெண்டு பக்கம், முழுக்கக் கோழி.

'பாப்பா, நீ கோழிக்குச் சூடா ஒண்ணு கிண்டிப் போடுவியே, அது எப்படின்னு அப்பாவுக்கு விவரமா எழுது. தவிட்டை எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்? கசப்பு போக என்ன செய்வே? குருணை இல்லாட்டி உடைச்ச சோளம் போட்டா ஆகுமா? கருவாடு இல்லாட்டி வேற என்ன சேர்க்கலாம்? அவசரமில்லாம பொறுமையா எழுது. ஆனா சீக்கிரம் போட்டுடு.' கடைசியில் சின்ன எழுத்தில், 'அம்மாகிட்ட கேளு, மாசியில வந்துடட்டுமான்னு.'

அவசரமில்லாமல் எழுது, சீக்கிரம் போட்டுவிடு. இந்த ரெண்டும் எப்படி அடுத்தடுத்து வரும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. "பொண்டாட்டி இருக்கேனா செத்தேனான்னு ஒரு வரி இல்ல. கோழிக்கு மட்டும் ரெண்டு பக்கம்!" என்று கடிதத்தை உரல்மேல் வைத்துவிட்டு அடுப்பை ஊதப் போனார்.

பெரியப்பா கடிதத்தை வாங்கி ரெண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இவ ஒருத்தி விவரம் கெட்டவ. தம்பி கோழிப்பண்ணை வைக்கப் போறான்! அதான் விசாரிக்கிறான். இப்பல்லாம் பாய்லர் கோழிதானே எங்க பாத்தாலும்? நாலு மாசமா பணம் அனுப்பலன்னு பொலம்புனியே, எல்லாம் பண்ணைக்குச் சேத்து வைக்கிறான். வெளியில சொன்னா கண்ணு பட்டுடும்னு கமுக்கமா இருக்கான்."

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பாவம், நாலு மாதமாக மனதை அரித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதல்லவா?

நான் கிழித்த நோட்டுத்தாளில் மூன்று பக்கம் எழுதினேன். அளவு ஆழாக்குக் கணக்கில். தவிட்டின் கசப்பு போக மூன்று தண்ணீர் மாற்றச் சொன்னேன். மூடி போட்டு வேகவைக்கச் சொன்னேன், புறங்கையால் சூடு பார்க்கச் சொன்னேன். வாத்தியார் மாதிரி தோரணை வேறு: 'மறந்துவிடாதீர்கள் அப்பா.' ஒரு கோழிக்கு ஒரு உருண்டை போதும், மேலே கொடுத்தால் கொழுத்துவிடும் என்றும் எழுதினேன். ஐயோ, இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

கார்த்திகை நடுவில் அடுத்த கடிதம். 'நீ சொன்ன மாதிரியே செஞ்சேன் பாப்பா, கசப்பு போயிடுச்சு. இன்னும் மூணு சந்தேகம். தவிடு தின்னு வயிறு கட்டிக்கிட்டா கோழிக்கு என்ன குடுப்பே? காலையில கிண்டுனது ராத்திரி வரைக்கும் தாங்குமா? உப்பு போடலாமா? ஒரே சட்டியில கிண்டுறதால கேக்குறேன். மாசியில வந்துடட்டுமா? அம்மா பதிலே எழுதலையே.'

'செஞ்சேன்' என்று எழுதியிருக்கிறார். கம்பெனி டிரைவர் எங்கே போய்க் கோழிக்குக் கிண்டினார்? நான் கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். பெரியப்பாவிடம் அதற்கும் பதில் இருந்தது. "பழகிப் பாக்குறான். நாலு கோழி வாங்கி வச்சு ஒத்திகை பாக்குறான். ஆழம் தெரியாம காலை விடுற ஆளா என் தம்பி? வயித்துக் கோளாறு வரைக்கும் விசாரிக்கிறான் பாரு, அதான் தொழில் சுத்தம்." தெருவே ஆமாம் போட்டது. அவ்வளவு பேர் படித்தோம் அந்தக் கடிதத்தை. அத்தனை பேருக்கும் கண் இருந்தது.

அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டார்கள். அப்பா வருவதற்குள் கொல்லையில் பண்ணைக் கொட்டகையைக் கட்டி முடித்து அவரைத் திகைக்க வைப்பது. எழுதிவிடக் கூடாது, நேரில்தான் காட்ட வேண்டும். வாசலில் இருந்த செங்கல் கொல்லைக்குப் போயிற்று. அம்மாவின் கத்திரிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கே அரைச்சுவர் எழுப்பினார்கள். மேலே கம்பி வலை, கூரைக்குச் சிமெண்ட் தகடு. குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமென்று வரிசையாகக் குண்டு பல்பு. பண்ணை ஓடி நிமிர இன்னும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும், அதனால் தம்பி இன்னொரு வருஷம் இருந்துவிட்டு வரட்டும் என்றும் பெரியப்பாவே சொன்னார்.

அம்மா ரெண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் ஜெபமாலை முடிந்ததும் என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னார். அவர் சொல்ல நான் எழுதினேன். 'எல்லாரும் சுகம். வந்துடட்டுமான்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் ஆசைதான். இன்னும் ஒரு வருசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டு வந்துடுங்க.' அடியில் என் பங்குக்கு என்னுடைய கோழிப் பதில்கள். ஒரே உறை. நானே தபால்பெட்டியில் போட்டேன், மழையில் நனையாமல் பாவாடைக்குள் ஒளித்து எடுத்துப் போய்.

தை பிறந்து, சம்பா அறுப்பு முடிகிற நேரத்தில் நாகூரிலிருந்து ஒருவர் வந்தார். அப்பாவோடு அங்கே வேலை பார்த்தவர், ஊர் திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறதாம். நாங்கள் 'பாய்' என்றோம். நாற்பது வயது இருக்கும், கன்னம் ஒட்டிக் கிடந்தது. கையில் ஒரு டப்பா மிட்டாய், ஒரு தைலப் புட்டி. "உங்க வீட்டுக்காரர் குடுத்து விட்டாரு தங்கச்சி" என்றார். ரெண்டும் இருந்த பையோ நாகூர் தர்கா பக்கத்துக் கடைப் பை. நான்தான் பையை வாங்கி உள்ளே வைத்தேன். வெளிநாட்டுச் சாமான் நாகூர்க் கடைப் பையில் ஏன் வருகிறது என்று யோசிக்கிற மூளை எனக்கு அப்போது இல்லை.

அம்மா அவருக்காக அந்த மொட்டைக் கழுத்துக் கோழியை எடுத்துவிட்டார். நான் அழுதேன். "உங்கப்பாகூட ஒரே தட்டுல சாப்பிட்ட மனுசருடி" என்று அதட்டிவிட்டு, நீடாமங்கலம் கறிக்கடை பாயிடம் கொண்டுபோய் முறைப்படி அறுத்து வாங்கிவந்தார். மிளகு அரைத்த குழம்பு. வாழை இலையில் சோற்றைப் போட்டுக் கறியை ஊற்றப் போனதும் அவர் கையை இலைக்குக் குறுக்கே நீட்டித் தடுத்தார். நெற்றி வேர்த்திருந்தது. "கோழி வேணாம் தங்கச்சி. ரசம் இருந்தா போதும்."

"கறிக்கடை பாய்கிட்டதான் அறுத்தோம்ணே. தைரியமா சாப்பிடுங்க."

"அதுக்கில்லம்மா. வேணாம்."

பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கிறிஸ்தவர் வீட்டுச் சட்டியில் சமைத்தது என்றுதான் ஒதுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டார். பிறகு பல நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினார். ஆனால் மனுஷன் ரசத்தை ஊற்றிக்கொண்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாரே, அதே வீட்டுச் சட்டிதானே அது? நடுவில் ரெண்டு தடவை, "கொஞ்சம் உப்பு போடுங்க" என்று கேட்டு வாங்கிச் சோற்றின்மேல் தூவிக்கொண்டார். விரல் நுனியில் ஒட்டியிருந்ததையும் நக்கினார். அம்மாவின் ரசத்தில் உப்புக் குறை வந்ததே இல்லை.

சாப்பிட்டதும் பெரியப்பா அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். கொட்டகையைப் பார்த்ததும் பாய் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இது யாருக்குங்க?"

"தம்பிக்குத்தான்! வந்து பாத்து அசந்து போயிடணும். நீங்க தகவல் குடுத்துடாதீங்க."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். "நீதான் அந்தக் கோழிக் கடுதாசி எழுதுன புள்ளையா?" என்று என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலையில் தெரிகிறது. "நல்லா இரும்மா. நீ நல்லா இருப்பே." கிளம்பும்போது அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "தங்கச்சி, அவரு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு, ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு. பண்ணையெல்லாம் அப்புறம். மொதல்ல ஆளை வரச் சொல்லுங்க. அங்க எங்க மச்சான் ஒருத்தர் இருக்காரு, நானும் சொல்லி வச்சிருக்கேன்." அவர் பஸ் ஏறியதும் அம்மா இதைச் சொல்ல, பெரியப்பா, "பொறாமைடி. இவனுக்கு அங்க வேலை போயிடுச்சு, தம்பி நிலைச்சு நிக்கிறான்னு வயித்தெரிச்சல்" என்றார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

மாசியில் முதல் ஈடு குஞ்சுகள் வந்து இறங்கின. நூறு. மஞ்சள் மஞ்சளாகப் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தும். பத்தே நாளில் கொல்லை முழுக்க அந்தப் பண்ணை நாற்றம். உங்களுக்குத் தெரியுமே, மூக்கின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒருநாள் பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரம் வேலியோரம் ஒருவர் வந்து நின்றார். தோளில் ஒரு நைலான் பை. சட்டை அவரைவிட ரெண்டு ஆளுக்குப் பெரிது. அம்மா நெல் காயப்போட்ட பாயைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "யாருங்க? என்ன வேணும்?" என்றார்.

"நான்தான்" என்றார் அவர்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? திருச்சியிலிருந்து டாக்ஸி, மேலே கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, தெரு முழுக்க சென்ட் வாசனை. என் அப்பா நீடாமங்கலம் ஸ்டேஷனில் இறங்கி நாலு மைல் நடந்து வந்திருந்தார். கட்டிய பெண்டாட்டி அவரைப் பார்த்து என்ன வேணும் என்று கேட்டுவிட்டார். அம்மா கையிலிருந்த பாய் விழுந்து நெல்லெல்லாம் சிதறியது. "மாதாவே!" என்று ஒரு சத்தம். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டால் எலும்பு குத்தியது. "கம்பெனியை மூடிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். நன்றாகச் சாப்பிட்டார், சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கினார். அலுப்பு என்று நினைத்தோம்.

இருட்டில் வந்ததால் கொட்டகையை அவர் பார்க்கவில்லை; அந்த நாற்றம்கூட அவருக்கு உறைத்த மாதிரித் தெரியவில்லை. பெரியப்பா, "காலையில காட்டுவோம், யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று என் காதைத் திருகிவிட்டுப் போனார். நானும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அப்பா அத்தனை ஆசையாக எழுதிக் கேட்டது, என் கையால் கிண்டி அவர் கண்ணுக்கு முன்னால் கோழிக்குப் போட வேண்டும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அப்படி ஒரு பனி. விடியும்போதே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். புதுக் குருணை. கருவாடு கொஞ்சம் தாராளமாகவே.

பெரியப்பா அப்பாவின் கண்ணைத் தன் ரெண்டு கையாலும் பொத்தி, சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல் கொல்லைக்குக் கூட்டி வந்தார். பின்னால் அம்மா, பெரியம்மா, தெருவில் நாலைந்து பேர். கதவைத் திறந்ததும் நாற்றமும் கீச்சுச் சத்தமும் குப்பென்று வந்தன. பெரியப்பா கையை எடுத்துவிட்டு, "பாருடா! நீ ஆசைப்பட்ட பண்ணை!" என்று கத்தினார்.

அப்பா பார்த்தார். கம்பி வலையை, பல்பை, தீவன மூட்டையை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "சந்தோசத்துல நெலகொள்ளல பாரு!" என்றார் பெரியப்பா. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து நான் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். ஆவி பறந்தது. "அப்பா, நீங்க கேட்ட உருண்டை!" என்று சொல்லிவிட்டு 'பா... பா... பா' என்று கூப்பிட்டேன். நாட்டுக்கோழிகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை. புறங்கையைக் குண்டானில் வைத்துச் சூடு பார்த்தார், நான் எழுதியபடியே. ஒரு பிடி அள்ளினார். முட்டிய கோழியை முழங்கையால் ஒதுக்கினார். பழகின கை உருட்டுகிற மாதிரி, ரெண்டே உருட்டில் உருண்டை பிடித்தார். வாயில் போட்டு மென்றார். இன்னொரு பிடி அள்ளினார்.

பெரியப்பா தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது தெரியுமா? கோழிக்கு வைத்ததை அப்பா தின்கிறாரே என்று, தெருக்காரர்கள் பார்க்கிறார்களே என்று. அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

"கருவாடு போட்டதும் நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்றார் அப்பா. "உப்புதான் இல்ல."

அம்மா பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னங்க! என்னங்க இது! கோழித் தீனிங்க!" அப்போதுதான் அப்பாவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்தது போலிருக்கிறது. கையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துத் துடைத்து, துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். டிரைவர் வேலை என்பதே பொய். பாலைவனத்துக்கு நடுவே ஒரு கோழிப்பண்ணை. அவரும் நாகூர் பாயும் மட்டும். பாஸ்போர்ட் முதலாளியிடம். முதல் ஒன்றேகால் வருஷம் சம்பளமும் சாப்பாடும் வந்தன. அப்புறம் முதலாளி எங்கோ போய்விட்டான். சம்பளம் நின்றது, வாரம் ஒருநாள் வந்த அரிசியும் ரொட்டியும் நின்றன. கோழிக்குத் தீவன லாரி மட்டும் தவறாமல் வந்தது. முட்டை எடுத்துப்போக வருகிறவன் முட்டையையும் கோழியையும் எண்ணுவான். ஒன்று குறைந்தால் திருட்டுப் பட்டம், போலீஸ். "தீவனத்தைத்தான் யாரும் அளக்கல" என்றார் அப்பா. உடைத்த சோளமும் தவிடும். முதலில் கசந்து வாந்தி வந்ததாம். "அப்பதான் பாப்பா ஞாபகம் வந்துச்சு. கோழி அதை அப்படி அடிச்சிக்கிட்டுத் தின்னுமே, என்னத்தப் போட்டுக் கிண்டுது புள்ளன்னு எழுதிக் கேட்டேன்." லாரி ஓட்டுகிற மலையாளிதான் கடிதங்களைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார், பதிலையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பாயின் மச்சான் முதலில் வந்தபோது, 'இன்னும் ஒரு வருசம்' என்ற கடிதத்தைப் பார்த்துவிட்டு அப்பா தங்கிவிட்டார், பாய் மட்டும் கிளம்பினார். கடைசியில் அந்த மச்சானே மறுபடி வந்து நாலு பேரைப் பார்த்துப் பேசி அப்பாவை வெளியே கொண்டுவந்திருக்கிறார்.

"சொல்லியிருக்கக் கூடாதாடா பாவி" என்றார் பெரியப்பா. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"வந்துடட்டுமான்னு கேட்டேனேண்ணே" என்றார் அப்பா.

அம்மா அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவின் அழுகையைக் கேட்டிருக்கிறேன். தலையைச் சுவரில் முட்டுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். பெரியப்பா மத்தியானமே ஏணி வைத்து ஏறிச் சிமெண்ட் தகடுகளைத் தானே கழற்றினார். உதவிக்குப் போனவர்களைக் கிட்டே விடவில்லை. குஞ்சுகளை யாரோ வந்து கூடையோடு எடுத்துப் போனார்கள். பிற்பாடு வீடு கட்டியபோது அந்தச் செங்கல்லைத்தான் உடைத்தெடுத்துப் பயன்படுத்தினோம். எங்கள் வீட்டுச் சுவரில் பாதிக் கல் கோழிக் கொட்டகைக் கல்.

பங்குனியில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தார். பஸ்ஸில் திரும்பும்போது நாகூரில் இறங்கிப் பாய் வீட்டுக்குப் போனோம். அம்மா அவர் காலில் விழப் போய்விட்டார்; அவர் மனைவி பிடித்துக்கொண்டார். அப்போது பாய் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. "எங்ககிட்ட உப்பு இருந்துச்சு தங்கச்சி. அரை மூட்டை உப்பு. இருந்தது ஒரே சட்டி, கோழிக்கும் அதுலதான், எங்களுக்கும் அதுலதான். தனியா எடுத்துப் போட்டுக்குவோம்னு சொன்னேன். உங்க வீட்டுக்காரர் கேக்கலையே. 'போடக்கூடாதுன்னு எம்புள்ள எழுதியிருக்கு பாய், அது சொன்னபடியே செய்வோம், அது பக்கத்துல நின்னு கிண்டுற மாதிரி இருக்கு'ன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

அப்பா அதன்பிறகு நெடுநாள் இருந்தார். டிராக்டர் ஓட்டினார், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார், பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். கோழி மட்டும் வீட்டில் வளர்க்கவில்லை. அவர் போனபிறகு அவருடைய ஜெபப்புத்தகத்துக்குள் என் ரெண்டு கடிதமும் இருந்தன. மடிப்பில் கிழிந்து, ஒட்டிய தவிடு காய்ந்து போய். ரெண்டாவது கடிதம் அம்மா சொல்லி நான் எழுதியதற்கு அடியில் இருப்பது. 'பல்லைக் கடிச்சிக்கிட்டு' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அதற்குக் கீழே, பதினோரு வயதுக் கையெழுத்தில், நான்:

'உப்பு ஒரு கல்லுகூடப் போடாதீங்கப்பா. கோழிக்கு ஆகாது. மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீங்க, புளிச்சுடும். சூடா சாப்பிட்டாத்தான் அதுக்குச் சந்தோசம்.'

பக்கத்தில் பென்சிலால் அப்பா பதில் எழுதியிருந்தார், எனக்கு அனுப்பாத பதில்.

'சரிம்மா.'